'ரோட் டு பெர்டிஷன்' பார்த்தவங்க சொல்லுங்க: தாத்தா நல்லவரான்னு மகன் கேட்டா என்ன பதில்?

பேட்டைக்காரன்:

போன சனிக்கிழமை ராத்திரி, ஒன்பதாவது படிக்கிற மகனோட உக்காந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். 2002-ல சாம் மெண்டிஸ் எடுத்தது, கதை நடக்கது 1931 அமெரிக்காவுல. முடிவைச் சொல்லித்தான் கேக்க வேண்டியிருக்கு, பாக்காதவங்க இதோட நிறுத்திக்கிடுங்க.

டாம் ஹேங்க்ஸ் ஒரு கும்பல் தலைவருக்கு அடியாள். அப்பா என்ன வேலைக்குப் போறாருன்னு பாக்க மூத்த பையன் கார்ல ஒளிஞ்சு போறான். முதலாளியோட மகனும் தன் அப்பாவும் ஆளைச் சுடுறதைக் கண்ணால பாத்துடுதான். அதுக்குப் பொறவு அம்மாவும் தம்பியும் பலியாகி, அப்பாவும் இவனும் ஆறு வாரம் ஊர் ஊரா ஓடுதாங்க. கடைசியில அப்பாவைச் சுட்டவன் முன்னால பையன் துப்பாக்கியோட நிக்கான், ஆனா சுட மனசு வரல. உசுர் போற நேரத்துல அப்பாவே தன்னைச் சுட்டவனைச் சுட்டுடுதாரு. அவரு நல்லவரா கெட்டவரான்னு பின்னால கேக்கிறவங்களுக்கெல்லாம் அவன் சொல்லுத ஒரே பதில், அவரு என் அப்பாங்கிறதுதான்.

படம் முடிஞ்சு லைட்டைப் போட்டதும் மகன் கேட்டான்: "தாத்தாவும் இப்படித்தான் இருந்தாவளாமே, நெசமாப்பா?"

எங்க அப்பா ஒரு வட்டிக்காரருக்கு வசூலுக்குப் போனவங்க. எனக்கு அப்போ எட்டு வயசு. சைக்கிள் முன்கம்பியில துண்டை மடிச்சுப் போட்டு என்னைக் கூட்டிட்டுப் போவாவ. டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சு, கையில முறுக்கைக் கொடுத்துட்டு எதிர்ச்சந்துக்குள்ள போவாவ. ஒரு நாள் திரும்பி வரும்போது சட்டையில மேல் பொத்தான் ரெண்டைக் காணோம். "அடில"ன்னு அடிபம்பைக் காட்டினாவ. நான் தொங்கித் தொங்கி அடிக்க, கையைக் கழுவினாவ. விரல் முட்டியில தோல் உரிஞ்சிருந்தது. கழுவின அந்தக் கையாலதான் என் வாயில ஒட்டியிருந்த முறுக்குத் தூளைத் துடைச்சு விட்டாவ.

என்னை ஒரு நாள் கை நீட்டி அடிச்சதில்ல. எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி முழுக்கத் தோள்ல போட்டுக்கிட்டு நடப்பாவ. "இந்தப் பொழப்பு என்னோட போகட்டும்"னு அம்மாகிட்ட சொன்னதைக் கேட்டிருக்கேன். அந்தக் காசுலதான் படிச்சேன். இன்னைக்கு உரக்கடையில கணக்கு எழுதுதேன்.

அந்தப் பையன் சொன்ன பதிலை நானும் என் மகன்கிட்ட சொல்லிடலாமா? எனக்கு அது பாதி பதிலாத்தான் படுது.

குறுக்குத்துறை வாசி:

அண்ணாச்சி, படம் அந்த அப்பாவை விட்டுக்கொடுக்கவும் இல்லை, காப்பாத்தவும் இல்லை. மழையில, தன்னை வளர்த்த முதலாளியா வர்ற பால் நியூமனையே சுடுற இடத்தைப் பாருங்க. முதல்ல வெடிச்சத்தமே கேக்காது, கூட இருக்கிற ஆளுங்க மட்டும் சரிஞ்சு விழுவாங்க. கான்ராட் ஹாலுக்கு இந்தப் படத்தோட ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் கிடைச்சப்போ அவர் உயிரோட இல்லை.

என்னை உறுத்தினது வேற இடம். மகன் தன் வழிக்கு வந்துடக் கூடாதுன்னு உயிரைக் கொடுக்கிறவர், பேங்க்ல கும்பலோட பணத்தை எடுத்துட்டுத் தப்பிக்க அந்தப் பன்னிரண்டு வயசுப் பையனைத்தான் கார் ஓட்டப் பழக்குறார். ஓட்டத் தெரியாம அவன் தடுமாறுறதைப் பார்த்து நாமும் சிரிச்சிடுறோம்.

முக்கூடல் பொண்ணு:

நான் அந்த எதிர்ச்சந்து வீட்டுக்காரி மாதிரின்னு வச்சுக்கோங்க அண்ணே. அம்மா பீடி சுத்தினவங்க. அப்பா வாங்கின கடனுக்கு ஆள் வந்தா, மடியில இருக்கிற தட்டோட அப்படியே எந்திரிச்சு நிப்பாங்க. ஒரு நாள் வந்தவர் தட்டைத் தட்டி விட்டார். இலையும் தூளும் முற்றமெல்லாம் கெடந்தது. நானும் அக்காவும் மண்ணுல இருந்து தூளை ஊதி ஊதிப் பொறுக்கினோம். அதுக்கப்புறம் அப்பா தெருவுல தலை நிமிந்து நடந்ததே இல்லை.

படத்துல முதல்ல சுடப்படுறவன், கொஞ்சம் முன்னாலதான் கூடப்பிறந்தவனுக்கு இழவு கொண்டாடினவன். அவன் வீட்டுல மிச்சம் யார் இருந்தாங்க? கேமரா அந்தப் பக்கம் போகவே இல்லை. "அவர் என் அப்பா"ங்கிறது உங்க வீட்டுக்குள்ள சரி. எங்க முற்றத்துல நின்னு அதைச் சொல்ல முடியுமா? 2003-லயே கந்துவட்டிக்கு எதிரா சட்டம் வந்தாச்சு. 2017 அக்டோபர்ல நம்ம திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல ஒரு அப்பா, அம்மா, ரெண்டு பச்சைப் பிள்ளைகள் தீயில போனாங்க. கந்துவட்டிதான். அதை நினைக்காம இந்தப் படத்தை என்னால பார்க்க முடியல.

உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. எங்க வீட்டுக்கு வந்தவரோட பிள்ளையும் அன்னைக்கு எங்கேயோ ஒரு டீக்கடையில முறுக்கு தின்னுக்கிட்டு இருந்திருக்கும்னு இப்பதான் தோணுது.

பாளை சரவணன்:

ஒன்பதாம் வகுப்புப் பையன்கிட்ட இவ்வளவும் எதுக்கு? தாத்தா பாசமானவர்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை வளர்ந்து தெரிஞ்சுக்கட்டும்.

பேட்டைக்காரன்:

சரவணன் தம்பி, அவன் ஏற்கெனவே யாரோ சொல்லிக் கேட்டுட்டுத்தான் எங்கிட்ட வந்தான். நான் மறைச்சா என்னையும் நம்ப மாட்டான்.

தங்கச்சி, நீ எழுதினதை ரெண்டு தடவை வாசிச்சேன். இன்னைக்குச் சாயங்காலம் மகனை வண்டியில வச்சு அந்தச் சந்து முக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். டீக்கடை இல்ல, செல்போன் கடை இருக்கு. அடிபம்பு இருந்த இடத்துல சிமெண்ட் போட்டு மூடியிருக்கு. பொத்தான், கை, முறுக்கு எல்லாத்தையும் சொன்னேன். தோள்ல போட்டு நடந்ததையும் சொன்னேன்.

அவன் சந்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "எந்த வீடுப்பா? அங்க யாரு இருந்தா?"ன்னு கேட்டான்.

எனக்குத் தெரியல. இத்தனை வருசத்துல நான் அதைக் கேட்டதே இல்ல. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், நாளைக்குக் காலையில கேக்கணும்.