கப்பலும் கழுகும் உள்ள தெனாரியஸ்: இவ்வளவு தேய்மானம் ஏன்?

நெய்தல்வாணன்:
லண்டனில் இருக்கும் அக்கா தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார். ஒரு பக்கம் துடுப்புகளுடன் கப்பல். மறுபக்கம் மூன்று கம்பங்கள்; நடுக்கம்பத்தின் உச்சியில் ஒரு பறவை. கீழே ‘லெக்’ என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. அடுத்திருந்த எண் மழுங்கிவிட்டது. கப்பலின் முனையருகே பிறை வடிவில் சிறு குத்து. யாருடைய முகமும் இல்லை. இது யார் வெளியிட்டது? விபூதி போட்டுத் துலக்கினால் எண் தெரியுமா?

பழங்காசுப் பித்தன்:
தம்பி, விபூதி வேண்டவே வேண்டாம்! மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி காசை மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

இது ரோமானியத் தளபதி மார்க் ஆன்டனியின் காசு. கி.மு. 32-31இல், எதிராளி ஆக்டேவியனுடன் நடந்த ஆக்டியம் கடற்போரை ஒட்டி, படையினரின் சம்பளத்துக்காக அடித்தது. பறவை, லீஜியன் எனும் ரோமானியப் படைப்பிரிவின் சின்னமான கழுகு. அதைப் போரில் பறிகொடுப்பதைவிடப் பெரிய அவமானம் படைக்கு இல்லை. ‘லெக்’ என்பது லீஜியன் என்பதன் சுருக்கம்; எண் அந்தந்த லீஜியனுடையது, 1 முதல் 23 வரை.

எனக்கு இந்தக் காசின்மீது தனிப் பிரியம். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் உயிரோடிருக்கும்போதே தம் முகத்தைக் காசில் பொறித்துக்கொண்டார். ஆன்டனியும் தம் முகத்தை ஒரு பக்கமும் கிளியோபாட்ராவின் முகத்தை மறுபக்கமும் பொறித்தவர்தான். அவரே இந்தக் காசில் முகத்தை விட்டுவிட்டு, ஆறாம் லீஜியன் வீரனுக்கு அவன் படையின் எண்ணையே காட்டினார். சம்பளம் வாங்குகிறவனின் மனம் அறிந்த செயல் என்பேன்.

தேய்மானத்துக்குக் காரணம், வெள்ளியின் மட்டமான தரம். ஆன்டனி தெனாரியஸில் இரும்பைக் கலந்தார் என்றே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். மக்கள் நல்ல வெள்ளியைப் பதுக்கிவிட்டு இதைச் செலவழித்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் இது கைமாறிக்கொண்டே இருந்தது.

கொங்குச் செல்வி:
அந்தக் குத்து நாணயமாற்றுக்காரர் இட்டது. உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி பூசிய கள்ளக்காசுகள் அப்போதே உலவின. அதனால் குத்திப் பார்த்தார்கள். குறை என்று நினைக்காதீர்கள்.

ஆன்டனி தோற்ற பிறகு, கி.மு. 28இல் ஆக்டேவியன் வெளியிட்ட தெனாரியஸையும் தேடிப் பாருங்கள். முதலை உருவம், ‘எகிப்து கைப்பற்றப்பட்டது’ என்ற வாசகம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போரின் இரு தரப்பும் வந்துவிடும்.

நெய்தல்வாணன்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. சாய்வொளியில் பார்த்தேன், ஒரு ‘எக்ஸ்’ தெளிவாகத் தெரிகிறது. அதன்பின் இரண்டு கோடுகளா மூன்றா என்பதுதான் பிடிபடவில்லை. நாளைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுகிறேன்.