கோடைக் கடற்கரையில் நாயோடு நடக்கையில் கண்டவை: உங்கள் அனுபவங்கள்

அடம்பங்கொடி (பெசன்ட் நகர், சென்னை)

நாங்கள் நடப்பது ஊரூர் குப்பத்திலிருந்து வடக்கே, 1977-இல் இடிந்துபோன உடைந்த பாலம் வரைக்கும். அடையாறு கடலில் சேரும் இடம் அது. அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் விடிந்ததும் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு அந்த மணல் நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அதற்கும் தாங்காது.

என் நாய் கருப்பி, தெருவில் பிறந்த நாட்டு நாய். அவள் முகர்வதற்கு நிற்கிற இடத்தில் நானும் குனிந்து பார்ப்பேன். புலி வண்டு கண்ணில் பட்டது அப்படித்தான். ஈரமும் காய்ந்ததும் கலக்கிற மணலில், விரல்நகம் அளவுக்கு வெண்கல நிறத்தில், வெளிர்மஞ்சள் கோலத்தோடு ஒன்று ஓடியது. ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். அந்த வேகத்தில் ஓடும்போது எதிரே இருப்பது அதன் கண்ணுக்குத் தெளிவாகப் படுவதில்லையாம். நின்று, இரை எங்கே என்று பார்த்துக்கொண்டு மறுபடி பாய்கிறது. கருப்பி மூக்கை நீட்டினால் எழும்பிப் பறந்து கொஞ்சம் தள்ளி உட்காரும். கால்கள் நீளம் என்பதால் உடம்பு சூடான மணலில் படாமல் தூக்கி நிற்கிறது.

அடம்பு பூத்திருக்கும் மேட்டில் காலையில் கருவண்டுகளின் ரீங்காரம்தான். பூ மதியத்துக்குள் வாடிவிடும் என்பதால் அதுகளுக்கும் காலையில்தான் வேலை. பக்கத்து எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட வெட்டுக்கிளி இருக்கிறதே, அதன் குஞ்சுகளிடம் நாயை விடாதீர்கள். சீண்டினால் உடம்பிலிருந்து ஒரு நீரைப் பீய்ச்சும். எருக்கைத் தின்று வளர்கிற உடம்பு, அந்தப் பாலின் நஞ்சு அதில் சேர்ந்திருக்கும். கருப்பி தும்மிக்கொண்டே பின்வாங்கினாள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆட்காட்டிப் பறவையைப் பற்றி. இராவணன் மீசைப் புல் படர்ந்த மேட்டைத் தாண்டும்போதே கத்தத் தொடங்கிவிடும். ஒன்று தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், இன்னொன்று பக்கத்தில் எங்கோ தரையில் இருக்கிறது என்று அர்த்தம். கூடு என்று ஒன்றும் கிடையாது. ஒரு பள்ளம், சுற்றிச் சில கூழாங்கல், மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டை, அவ்வளவுதான். கருப்பியின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பாலத்தின் மேலே ஏறி உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தேன். நாங்கள் விலகிப் போனதும் அந்தப் பறவை நேராகக் கூட்டுக்குப் போகவில்லை. தண்ணீர் ஓரம் போனது. உட்கார்ந்து உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி வயிற்றுச் சிறகுகளை நன்றாக நனைத்தது. பிறகு அவசரமாக நடந்தே வந்து முட்டைகளின் மேல் நின்றது. உட்காரவில்லை, நின்றது. சிறகைக் கொஞ்சம் தளர்த்தி, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, முட்டைகளுக்கு நிழலாக நின்றது. குளிர் நாடுகளில் முட்டையைச் சூடாக்க அடைகாக்கிறது பறவை. நம் மே மாத வெயிலில் குளிரவைக்க அடைகாக்கிறது. அது கூட்டை விட்டு எழுந்து நம் நாயைப் பார்த்துக் கத்துகிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கிறது. காக்கை வேறு பார்த்துக்கொண்டே இருக்கும்.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். மார்ச் முதல் ஜூலை வரை மேட்டு மணலில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். அலை தொடும் ஈர மணலிலேயே நடத்துங்கள், அங்கே எந்தப் பறவையும் முட்டையிடாது. இன்னொன்று: கரைவலை இழுத்த இடங்களில் ஒதுக்கிப் போட்ட பேத்தை மீன் கிடக்கும். நாய் கவ்வினால் உயிருக்கே ஆபத்து.

—

பஞ்சுருட்டான் (தரங்கம்பாடி)

நல்லா எழுதியிருக்கீங்க. எங்க பக்கம் சாயங்கால நடைதான். சவுக்குத் தோப்பு ஓரமா மணல் கரை இருக்கு, அதுல பச்சைப் பஞ்சுருட்டான் குருவி வளை தோண்டியிருக்கு. சில சமயம் சமதரை மணல்லகூட சாய்வா தோண்டிடும். எங்க வீட்டு நாய்க்கு எலி வளைன்னு நினைப்பு, உடனே முன்னங்காலால பறிக்க வந்துரும். இப்ப அந்த இடம் வர்றதுக்கு முன்னாலயே வாரைச் சுருக்கிப் பிடிச்சுக்கறேன்.

போன வாரம் கோடை மழை ஒண்ணு அடிச்சு ஓய்ஞ்சுது. அதுக்கு முந்தின சாயங்காலம் தட்டான் தாழப் பறந்துச்சு, எங்க அப்பத்தா சொன்ன மாதிரியே. மழை விட்டதும் பஞ்சுருட்டான் கரண்ட் கம்பியில வரிசையா வந்து உக்காந்துருச்சு. ஒண்ணு கிளம்பிப் போய்த் தட்டானைப் பிடிச்சுக்கிட்டு வந்து கம்பியில பட் பட்டுன்னு அடிச்சுது. அடுத்தது பிடிச்சது தேனீ. அதை வெறுமனே அடிக்கலை, பின்பக்கத்தைக் கம்பியில தேய்ச்சுது, கொடுக்கோட விஷத்தை எடுக்கத்தான். தேய்ச்சு முடிச்ச பிறகுதான் முழுங்குச்சு. நாய் கீழ உக்காந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்துச்சு.

தோப்புக்குள்ள காஞ்ச மணல்ல குழியானைப் பூச்சியோட குழிகளும் நிறைய. எறும்பு விளிம்புல வழுக்கினதும் அடியிலேர்ந்து மணலை வாரி எறியும். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா இதைக் காட்டுங்க.

—

சோளகம் (மன்னார்)

மன்னாரில இருந்து எழுதுறன். வைகாசியில சோளகக் காத்து தொடங்கினா எங்கட கரையில மணல் முகத்தில அடிக்கும், ஆனாலும் நானும் என்ர நாயும் பின்னேரத்தில போறதை விடுறேல்ல.

ஆட்காட்டி போலவே எங்களிட்ட ஒரு சின்னப் பறவை இருக்கு, உப்புக்கொத்தி. குருவியை விடக் கொஞ்சம்தான் பெரிசு. மணல் நிறம், நிண்டா தெரியாது, ஓடினாத்தான் தெரியும். 2023ஆம் ஆண்டுதான் ஆய்வாளர்கள் இதைத் தனி இனமெண்டு சொன்னவை. அதுக்கு முன்னம் கென்டிஷ் உப்புக்கொத்தியின்ர ஒரு கிளையெண்டு எழுதி வச்சிருந்தவை. இப்ப அனுமன் உப்புக்கொத்தி எண்டு பெயர். இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும்தான் குஞ்சு பொரிக்குது, அதிலயும் இராமர் அணைப் பக்கம் இருக்கிறபடியால் அந்தப் பெயர்.

முந்தநாள் ஒண்டு எங்களுக்கு முன்னால செட்டையை இழுத்து இழுத்து, முறிஞ்ச மாதிரி விழுந்து விழுந்து ஓடினது. நாய் பின்னால இழுத்துக்கொண்டு போகப் பாத்தது. எனக்கு விளங்கிட்டுது, குஞ்சோ முட்டையோ நாங்கள் நிக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கு. காலை எடுத்து வைக்க முன்னம் நிலத்தை வடிவாப் பாத்தன். முட்டை அரைவாசி மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்தது, ஒரு எட்டுத்தான் தூரம். படம் எடுக்கேல்ல. வந்த அடியிலேயே காலை வச்சுத் திரும்பி வந்திட்டம். கொஞ்சத் தூரம் வந்து பாத்தா செட்டை முறிஞ்சவர் சோக்கா எழும்பிப் பறந்து போறார்.

—

அடம்பங்கொடி (பெசன்ட் நகர், சென்னை)

மன்னார் நண்பருக்கு: படம் எடுக்காமல் திரும்பியது மிகச் சரி. கூட்டின் படத்தை இடத்தின் பெயரோடு போட்டால் மறுநாளே கூட்டம் வந்துவிடும். வந்த அடியிலேயே திரும்பிய முறையையும் குறித்துக்கொண்டேன்.

தரங்கம்பாடிக்கு: அந்த மணல் கரையை யாரும் அள்ளிக்கொண்டு போகாமல் இருந்தால் அடுத்த கோடையிலும் அங்கே பஞ்சுருட்டான் தோண்டும். குப்பத்துப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், நாம் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

கோடியக்கரை, பழவேற்காடு பக்கம் நடக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மணல்திட்டுகளில் சின்ன ஆலா என்கிற கடற்பறவை இந்த வருஷம் முட்டையிட்டிருக்கிறதா என்று எழுதுங்கள். நாயைக் கண்டால் கூட்டமாக வந்து தலைமேல் பாயும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அப்படிப் பாய்ந்தால் உடனே தண்ணீர்ப் பக்கம் இறங்கிவிடுங்கள்.