இடது முழங்காலும் வலது முழங்காலும் ஒன்றா? காப்பீடு தண்டச்செலவா?

கணக்குப்பிள்ளை:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "காப்பீடு எடுக்காதவர்களுக்கு நாய், பூனை வளர்க்க அருகதை இல்லை." நான் பதில் தட்டி முடிப்பதற்குள் இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே வருகிறேன்.

ஐயா, நான் எடுத்தவன். நாலு வருஷம் ஒரு மாதம் தவறாமல் பிரீமியம் கட்டியவன். என் லேப்ரடார் ஒரு நாள் காலையில் வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல், விரல் நுனி மட்டும் படும்படி நின்றாள். முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது, அறுவை சிகிச்சைதான் வழி என்றார்கள். செய்தோம். க்ளைம் அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? பாலிசி எடுப்பதற்கு முன்பு ஒரு தடவை அவள் இடது காலை நொண்டினாளாம். இடது காலை! பழைய மருந்துச் சீட்டில் "இடது பின்னங்கால், லேசான நொண்டல், மூன்று நாள் ஓய்வு" என்று ஒற்றை வரி. அதை வைத்து வலது முழங்கால் "ஏற்கெனவே இருந்த நோய்" ஆகிவிட்டது.

இடது வேறு, வலது வேறு. இது தெரிய மருத்துவம் படிக்க வேண்டுமா, செருப்பு மாட்டத் தெரிந்தால் போதாதா? அந்தப் பிரீமியத்தைத் தனிக் கணக்கில் போட்டிருந்தால் அறுவைச் செலவில் பாதிக்கு மேல் என் கையில் இருந்திருக்கும். காப்பீடு ஒரு தண்டம்.

மியாவ்மாமி:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று எதற்கு மூடுமந்திரம்? பெயரைச் சொல்லியே திட்டலாமே.

மேற்கோளையும் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். நான் எழுதியது: "காப்பீடும் எடுக்காமல், அவசரத்துக்கென்று பணமும் ஒதுக்காமல் இருப்பவர்களுக்கு அருகதை இல்லை." நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டு ஊரைக் கூட்டுகிறீர்கள்.

உண்டியல் கணக்குக்கு வருகிறேன். உங்களுக்கு நாலாவது வருஷம் வந்தது, அது உங்கள் நல்ல நேரம். என் பூனைக்கு நாலாவது மாதம் வந்தது. ஆண் பூனை. ராத்திரி இரண்டு மணிக்கு மணல் தட்டில் ஏறி உட்காருகிறான், எழுகிறான், மறுபடி உட்காருகிறான். ஒரு சொட்டு வரவில்லை. சிறுநீர்ப் பாதை அடைப்பு. ஓரிரு நாள் விட்டால் உயிர் போய்விடும். குழாய் போட்டு மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அடுத்த மாதமே திரும்ப அடைத்தது. உங்கள் உண்டியல் முறைப்படி என்னிடம் நாலு மாதப் பிரீமியம்தான் இருந்திருக்கும். அதை வைத்து அந்தக் குழாயைக்கூட வாங்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
பூனைக் கதை நன்றாக இருக்கிறது. என் கேள்விக்கு அது பதிலா? இடது முழங்காலும் வலது முழங்காலும் ஒன்றா இல்லையா?

ஓரமாய்_ஒருவன்:
எதற்குக் காப்பீடு என்பதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது. போட்ட பணம் திரும்ப வர வேண்டும் என்று எடுக்கிறோமா, தாங்க முடியாத செலவு ஒன்று வந்தால் சமாளிக்க எடுக்கிறோமா? இரண்டையும் கலந்து

கணக்குப்பிள்ளை:
தம்பி, பாதியில் நின்றுவிட்டது. பரவாயில்லை, முழுதாக வந்திருந்தாலும் முழங்காலுக்கு அதில் பதில் இருந்திருக்காது.

மூட்டுத்தகடு:
நான் மருத்துவர் இல்லை. விலங்கு மருத்துவமனை அறுவை அரங்கில் பதினோரு வருஷம் உதவியாளராக இருப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மனிதர்களுக்கு இந்த ஜவ்வு பெரும்பாலும் விளையாட்டில் கால் திருகி ஒரே நொடியில் கிழியும். நாய்க்கு அப்படியில்லை. கயிறு புரி புரியாக நைவது போல மாதக்கணக்கில் நைந்துகொண்டே வந்து, ஒரு நாள் சோபாவிலிருந்து குதிக்கும்போது அறுகிறது. கெண்டைக்கால் எலும்பின் மேல்பரப்பு பின்பக்கமாகச் சரிந்திருக்கும். அதனால் நிற்கும்போதெல்லாம் ஜவ்வின் மேல் இழுவை. டிபிஎல்ஓ என்கிற அறுவையில் ஜவ்வைத் தைப்பதே கிடையாது. எலும்பை வளைவாக அறுத்து, சரிவைக் குறைத்து, தகடு வைத்து முடுக்கிவிடுவார்கள். ஒரு காலில் ஜவ்வு அறுந்த நாய்களில் 40 முதல் 60 சதவிகிதம் வரை பின்னால் மறு காலிலும் அறுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதனால்தான் பல பாலிசிகளில் இருபக்க விதி என்று ஒன்று இருக்கிறது: ஒரு பக்கம் முன்பே கோளாறு என்றால் மறுபக்கமும் முன்பே கோளாறு. முழங்காலுக்கு மட்டும் ஆறு மாதக் காத்திருப்பு வைப்பவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று. "லேசான நொண்டல்" என்ற வரியை வைத்து அது ஜவ்வுதான் என்று சொல்ல முடியாது. முள் குத்தியிருக்கலாம், நகம் பிளந்திருக்கலாம். அன்றைக்குப் பார்த்த மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா! துறையிலேயே இருப்பவர் சொல்கிறார்: "அது ஜவ்வுதான் என்று சொல்ல முடியாது." மாமி, இதை இரண்டு தடவை படியுங்கள்.

மியாவ்மாமி:
அதற்கு மேலே இரண்டு பத்தி இருக்கிறது, கணக்கரே. அதை நீங்கள் ஒரு தடவையாவது படியுங்கள். மேல்முறையீடு செய்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
எதற்குச் செய்ய வேண்டும்? தப்பு அவர்கள் பக்கம். கட்டிய பணத்தைக் கேட்க நான் படியேறிக் கெஞ்ச வேண்டுமா?

புதுவரவு:
வணக்கம், இங்கே புதிது. என் நாய்க்கு எட்டு வயசு. இப்போது எடுக்கலாமா, எடுத்தால் பிரயோஜனம் உண்டா? யாராவது சொல்லுங்கள்.

தமிழ்ப்பித்தன்:
"க்ளைம்" "க்ளைம்" என்று எத்தனை முறை? "இழப்பீட்டுக் கோரிக்கை" என்று எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

கணக்குப்பிள்ளை:
கோரிக்கை என்பது மனு கொடுப்பது. நான் என் பணத்தைக் கேட்டேன். க்ளைம்தான்.

மியாவ்மாமி:
உங்கள் பணமே இல்லை அது. கட்டிய அன்றைக்கே அது எல்லோருக்குமான பானைக்குள் போய்விட்டது. யாருக்கு அடி விழுகிறதோ அவர் அள்ளிக்கொள்வார். உங்களுக்கு அடி விழாத மூன்று வருஷமும் என் பூனை போன்றவர்கள் அள்ளிக்கொண்டார்கள். நன்றி.

கணக்குப்பிள்ளை:
எனக்கு அடி விழுந்த நாலாவது வருஷம் பானை எங்கே போயிற்று? இடது பக்கம் திரும்பி நின்றுகொண்டதா?

கப்பல்காரன்:
இந்தச் சண்டை 1738இலேயே முடிந்த சண்டை. தானியல் பெர்னூலி என்ற கணித அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். பீட்டர்ஸ்பர்க் வணிகர் ஒருவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்குகிறார். ஊர் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கலாம். அந்தப் பருவத்தில் 100 கப்பலில் 5 வந்து சேராது. காப்பீட்டுக்குக் கேட்கும் தொகை 800 ரூபிள். சராசரி நஷ்டம் 500தான். ஆக, 300 அதிகம், பகல் கொள்ளை என்று வணிகருக்குத் தோன்றுகிறது. பெர்னூலி சொன்ன விடை: இந்தச் சரக்கு போக அவரிடம் குறைந்தது 5,043 ரூபிள் சொத்து இருந்தால் காப்பீடு இல்லாமலே அனுப்பலாம். அதற்குக் கீழே என்றால் அந்த 800ஐக் கட்டுவதுதான் புத்தி. நாய்க்கும் இதே கணக்குத்தான். அறுவைச் செலவைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு அடுத்த மாதம் தூங்க முடிகிறவருக்குக் காப்பீடு வீண். முடியாதவருக்கு, பிரீமியம் கூடுதலாக இருந்தாலும் லாபம்.

கணக்குப்பிள்ளை:
அருமை. கப்பலுக்கு இடது முழங்கால் உண்டா?

கப்பல்காரன்:
சாதாரண பதில்தான் வரும் என்று தெரிந்தும் எழுதினேன், என் தப்பு.

வாலில்லாதவன்:
நாய்க்கெல்லாம் காப்பீடு என்பதே நேற்று முளைத்த வியாபாரத் தந்திரம். நம் தாத்தா காலத்தில் யார் எடுத்தார்கள்?

கப்பல்காரன்:
நேற்று இல்லை, சுவீடனில் 1924இலேயே நாய்க்குப் பாலிசி கொடுத்துவிட்டார்கள். உங்கள் தாத்தாவுக்கு அப்போது என்ன வயசு?

வாலில்லாதவன்:
என் தாத்தாவை இழுக்காதீர்கள்.

சாந்தா_மூன்றுபிள்ளை:
நாயும் பூனையும் இருக்கட்டும். நான் மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு எங்களைக் காப்பாற்றியது அவர் எடுத்து வைத்திருந்த டெர்ம் பாலிசி ஒன்றுதான். அவர் இருந்தவரை நான்தான் நச்சரிப்பேன், "ஒன்றும் திரும்ப வராத பாலிசிக்கு எதற்கு மாதா மாதம் அழுகிறீர்கள்" என்று. இன்னொரு பக்கம் பிள்ளைகள் பெயரில் சேமிப்போடு சேர்ந்த பாலிசி ஒன்றை நானே பெருமையாக எடுத்தேன். சம்பாதிக்காத குழந்தைக்கு ஆயுள் காப்பீடு எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அந்தப் பேனா இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

கப்பல்காரன்:
அம்மா சொல்வதுதான் இதன் ஆரம்பமே. 1744இல் ஸ்காட்லாந்துப் பாதிரிமார்கள் ஒரு நிதி தொடங்கினார்கள்: வருஷத்துக்கு எத்தனை பேர் இறப்பார்கள், எத்தனை விதவைகள், எத்தனை அனாதைப் பிள்ளைகள் என்று கணக்கிட்டு. எட்மண்ட் ஹாலி 1693இல் பிரெஸ்லாவ் நகரத்துக்குப் போட்ட மரண அட்டவணை (எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற பட்டியல்) போன்றவை இல்லாவிட்டால்

கணக்குப்பிள்ளை:
வால்நட்சத்திர ஹாலியா? சரி, அவர் முழங்காலைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா?

குடும்பக் காப்பீட்டை நான் குறை சொல்லவே இல்லை. மனிதர் வேறு, நாய் வேறு. சாந்தாம்மா, உங்கள் வருத்தத்தில் பங்கெடுக்கிறேன். ஆனால் தலைப்பு நாய்.

மியாவ்மாமி:
தலைப்பில் "காப்பீடு தண்டச்செலவா" என்று இருக்கிறது. நாய் என்ற சொல்லே இல்லை. மேலே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. குடும்பக் காப்பீட்டைக் குறை சொல்ல மாட்டீர்கள், எனக்குத் தெரியும். போன வருஷம் உங்கள் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியபோது இதே இடத்தில் எழுதினீர்கள்: "காப்பீடு மட்டும் இல்லாவிட்டால் நடுத்தெருவுக்கு வந்திருப்போம். இரண்டு முழங்காலையும் ஒரே நோய் என்று ஒரே க்ளைமில் கொடுத்துவிட்டார்கள்." பக்கத்தில் கும்பிடும் கை வேறு. அப்போது இடதும் வலதும் ஒன்று. இப்போது வேறு. அப்படித்தானே?

வாலில்லாதவன்:
😂😂😂

கணக்குப்பிள்ளை:
பழைய பதிவைத் தோண்டுவது உங்களுக்குக் கைவந்த கலை. சைக்கிள் டயர் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள். அம்மாவுக்கு வந்தது தேய்மானம். தேய்மானம் இரண்டு பக்கமும் வரும். என் நாய்க்கு வந்தது கிழிசல். கிழிசல் ஒரு பக்கம்தான் வரும். தேய்மானம் வேறு, கிழிசல் வேறு.

மூட்டுத்தகடு:
அண்ணா, நாய்க்கும் அது தேய்மானத்தில் ஆரம்பிப்பதுதான். மேலே எழுதினேனே, கயிறு நைவது போல என்று.

கணக்குப்பிள்ளை:
முதலில் "சொல்ல முடியாது" என்றீர்கள். இப்போது சொல்கிறீர்கள். முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

மூட்டுத்தகடு:
நான் சொன்னது அந்த நொண்டல் எதனால் என்பதை. இது நோயைப் பற்றி. இரண்டும் வேறு.

கணக்குப்பிள்ளை:
அதையேதான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டும் வேறு!

தமிழ்ப்பித்தன்:
நாயை "நின்றாள்" என்று எழுதியிருக்கிறார், ஒருவரும் கேட்கவில்லை. அஃறிணை. "நின்றது" என்று வர வேண்டும்.

மியாவ்மாமி:
என் பூனையும் "அவன்"தான். வீட்டுக்கு வந்து அவன் முகத்துக்கு நேராக "அது" என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமி சொல்வது சரி.

மியாவ்மாமி:
உங்கள் சான்றிதழ் எனக்கு வேண்டாம். மேற்கோளை வெட்டியதற்கு இன்னும் பதில் வரவில்லை.

புதுவரவு:
எட்டு வயசு நாய்?

ஓரமாய்_ஒருவன்:
எட்டு வயசில் பிரீமியம் ஏறியிருக்கும். ஏற்கெனவே சீட்டில் பதிவான எதற்கும் கொடுக்க மாட்டார்கள். முதல் சில வாரம் காத்திருப்பு வேறு. பெரும்பாலும் நீங்கள் முதலில் கட்டிவிட்டுத்தான் பின்னால் வாங்க வேண்டியிருக்கும். எடுப்பதற்கு முன் பழைய மருத்துவச் சீட்டு முழுவதையும் நீங்களே ஒரு தடவை படித்துவிடுங்கள். அவர்கள் கட்டாயம் படிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
நொண்டல் என்று எங்காவது இருந்தால் எந்தக் கால் என்று பாருங்கள், தம்பி. அதனால் ஒரு பயனும் இல்லை என்பது வேறு விஷயம்.

மியாவ்மாமி:
புதுவரவு, இவர் பேச்சைக் கேட்டு எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். என் பேச்சைக் கேட்டு எடுத்துவிடவும் வேண்டாம். கணக்கரின் பாலிசியில் அந்த விதி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருந்தால் இந்த இழையே இல்லை.

கணக்குப்பிள்ளை:
14ஆம் பக்கம். படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். அதில் "மூட்டு" என்று ஒருமையில்தான் இருக்கிறது, "மூட்டுகள்" என்று இல்லை. நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

மியாவ்மாமி:
போடுங்கள். சைக்கிள் டயர் ரசீதையும் நாளைக்குப் போடுகிறேன் என்றுதான் சொன்னீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த டயர் முன்சக்கரம். நீங்கள் பேசியது பின்சக்கரத்தைப் பற்றி.