டெல்டா = எப்சிலான்/|எக்ஸ்+3| என்று எடுத்தால் ஏன் தவறு?

கேள்வி:
எக்ஸ் 3ஐ நெருங்கும்போது எக்ஸ்²-இன் எல்லை 9 என்று எப்சிலான்-டெல்டா முறையில் நிரூபிக்க வேண்டும். |எக்ஸ்²−9| = |எக்ஸ்−3|·|எக்ஸ்+3|. இது எப்சிலானுக்குக் கீழே வர வேண்டும் என்பதால் டெல்டா = எப்சிலான்/|எக்ஸ்+3| என்று எடுத்தேன். பெருக்கினால் சரியாகவே வருகிறது. திருத்தியவர் அந்த வரியைச் சுழித்து, "டெல்டா எக்ஸைச் சார்ந்திருக்கக் கூடாது" என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஏன் கூடாது? சரியான டெல்டாவை எப்படிப் பிடிப்பது?

பதில் 1:
உங்கள் இயற்கணிதத்தில் பிழை இல்லை, வரிசையில்தான் பிழை. வரையறையை வாய்விட்டுப் படியுங்கள்: ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு, 0 < |எக்ஸ்−3| < டெல்டா என்று அமையும் எல்லா எக்ஸுக்கும் |எக்ஸ்²−9| < எப்சிலான். எதிராளி எப்சிலானைத் தருகிறார், நீங்கள் டெல்டாவைச் சொல்கிறீர்கள், அதற்குப் பிறகுதான் அவர் எக்ஸை எடுக்கிறார். இன்னும் வராத எக்ஸை வைத்து டெல்டாவை எப்படிச் சொல்வீர்கள்?

ஆகவே |எக்ஸ்+3|-ஐ ஒரு மாறிலிக்குள் அடக்க வேண்டும். முதலில் டெல்டா ≤ 1 என்று கட்டுப்படுத்துங்கள். எக்ஸ் 2க்கும் 4க்கும் நடுவில் சிக்கும், எக்ஸ்+3 7ஐத் தாண்டாது. இப்போது 7·|எக்ஸ்−3| < எப்சிலான் ஆனால் போதும். விடை: 1, எப்சிலான்/7 இரண்டில் சிறியது. அந்த 1ஐ விட்டுவிட்டால் என்ன ஆகும்? எப்சிலான் = 14 என்றால் டெல்டா 2 ஆகிவிடும்; எக்ஸ் = 4.9 போடுங்கள், 24.01−9 = 15.01. எல்லை மீறிவிட்டது.

1 எப்போதும் உதவும் என்றும் நினைக்க வேண்டாம். 1/எக்ஸின் எல்லையை எக்ஸ் = 1/2இல் பார்க்கும்போது டெல்டா ≤ 1 என்றால் 0 உள்ளே வந்துவிடும். அங்கே 1/4 என்று தொடங்கினால் எக்ஸ் > 1/4. அப்போது |1/எக்ஸ்−2| = 2·|எக்ஸ்−1/2|/|எக்ஸ்| என்பது 8·|எக்ஸ்−1/2|-ஐத் தாண்டாது; ஆகவே 1/4, எப்சிலான்/8 இரண்டில் சிறியது வேலை செய்யும்.

பதில் 2:
எழுதும் முறையையும் கவனியுங்கள். மேலே கண்டுபிடித்ததெல்லாம் ரஃப் ஒர்க். விடைத்தாளில் அது தலைகீழாக வர வேண்டும்: "எப்சிலான் > 0 என்க. டெல்டாவை இவ்வாறு எடுத்துக்கொள்வோம். 0 < |எக்ஸ்−3| < டெல்டா எனில்..." என்று தொடங்கி, கடைசி வரியில் |எக்ஸ்²−9| < எப்சிலான். நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் எழுதி, அதிலிருந்து ஓர் உண்மைக்கு வந்து சேர்ந்தால் அது நிரூபணமே அல்ல. −1 = 1 என்று தொடங்கி இருபுறமும் வர்க்கப்படுத்தினாலும் 1 = 1 என்ற உண்மைதான் கிடைக்கும்!

பதில் 3:
இந்த வரிசைச் சிக்கல் பெரியவர்களையும் விட்டுவைக்கவில்லை. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடர் எப்போதும் தொடர்ச்சியான சார்பையே தரும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1821இல் எழுதினார். 1826இல் நார்வே கணிதவியலாளர் ஆபெல் அதற்கு விதிவிலக்கைக் காட்டினார். சீரான ஒருங்கல் (எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் போதும் என்பதற்கு எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண் இருப்பது) என்ற கருத்து பின்னால் வந்துதான் அந்த இடைவெளியை அடைத்தது. புள்ளிக்குப் புள்ளி வேறு எண் போதுமா, எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண் வேண்டுமா என்பதே அங்கும் கேள்வி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எக்ஸ்³, எக்ஸ் = 2இல் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்³−8 = (எக்ஸ்−2)(எக்ஸ்²+2எக்ஸ்+4). டெல்டா ≤ 1, எக்ஸ் < 3, எக்ஸ்²+2எக்ஸ்+4 < 9+6+4 = 19. எனவே 1, எப்சிலான்/19 இரண்டில் சிறியது. சரியா?

பதில் 1:
மிகச் சரி. அடுத்து எக்ஸ் = −2இல் போடுங்கள். காரணி எக்ஸ்²−2எக்ஸ்+4, எக்ஸ் −3க்கும் −1க்கும் நடுவில். பெரிய முனை −1தானே என்று அதைப் போட்டால் 7 வரும், அது தவறு. ஒவ்வோர் உறுப்பின் மட்டு மதிப்பையும் தனித்தனியாகப் பாருங்கள்: |எக்ஸ்| < 3, ஆகவே இங்கும் 9+6+4 = 19.