நில அதிர்வை நேரில் உணர்ந்த எல்லைப் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

வண்டிப்பெரியாறுக்காரி:
2011 நவம்பரில் விடியற்காலத்தில் வந்ததே, அதுதான். லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் மூடிகள் கிணுகிணுவென்று ஆடின, அப்புறம் அடியிலிருந்து ஒரு உறுமல், அவ்வளவுதான். வெளியே வந்தால் லயமே முற்றத்தில் நிற்கிறது. ஒருத்தரும் தன் வீட்டுக் கூரையைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாரும் மேலே முல்லைப் பெரியாறு அணை இருக்கும் பக்கம் பார்த்து, ஆற்றுச் சத்தம் கூடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டுச் சேச்சி கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளையின் மாத்திரை. ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தது. எழுந்து ஓடிவரும் நேரத்தில் கட்டியதில்லை அது, என்றைக்கோ கட்டி வைத்தது. அதைப் பற்றிக் கேட்கலாம் என்றிருந்தேன், டிசம்பரில் அணைத் தகராறில் குமுளியில் கலாட்டா வந்து பேச்சே நின்றுபோனது.

கம்பம் மெட்டு:
தங்கச்சி, அந்த மாதம் வந்ததெல்லாம் 4-க்குக் கீழே. 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய அணை என்று பயமுறுத்துகிறவர்கள், 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் போட்டதையும், கம்பிகளை உள்ளே இறக்கி இழுத்துக் கட்டியதையும், பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்ததையும் சொல்லவே மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் போட்ட குழு 2012-ல் நில அதிர்வையும் தாங்கும் என்றது, 2014-ல் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பும் வந்தது. நான் பார்த்தது 2000 டிசம்பர் 12. ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 5 ரிக்டர். வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் நிற்கிறேன், மேல்தட்டில் உலர்ந்துகொண்டிருந்த காய் மழைமாதிரி தலையில் கொட்டியது. அணைக்கு ஒன்றும் ஆகவில்லையே!

வண்டிப்பெரியாறுக்காரி:
அணை உடையும் என்று நான் எங்கே அண்ணா எழுதினேன்? பயந்தோம் என்றுதான் எழுதினேன். உங்களுக்கு அது வயலுக்கு வரும் தண்ணீர், நாங்கள் ஆற்றங்கரையில் படுக்கிறவர்கள்.

கொழிஞ்சாம்பாறை:
எனக்கு 2024 ஜூன் 15 காலை, குன்னங்குளத்தில் வேலையிடத்தில், எட்டேகால் இருக்கும். ஜன்னல் கண்ணாடி படபடத்தது, வெறும் 3 ரிக்டர்தான். மறுநாள் விடியுமுன் இன்னொன்று. நான் சொல்ல வந்தது வேறு. நம் பக்கம் பூகம்பமே வராது என்று இருக்காதீர்கள், 1900-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவுக்கு வந்திருக்கிறது. ஆடும்போது வெளியே ஓடவே கூடாது, வாசல்படியில்தான் கூரை ஓடும் செங்கல்லும் தலையில் விழும். மேஜைக்கு அடியில் போய்த் தலையை மூடிக்கொண்டு மேஜையின் ஒரு காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றதும் கேஸ் சிலிண்டரை மூடுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். பீரோவைச் சுவரோடு இழுத்துக் கட்டுங்கள், கட்டிலுக்கு நேர்மேலே பரணில் அண்டா குண்டா வைக்காதீர்கள், படுக்கைப் பக்கத்தில் டார்ச்சும் செருப்பும் இருக்கட்டும். இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துவிடக் கூடாது. அப்புறம், வாட்ஸப்பில் ‘இன்று ராத்திரி பெரிசு வருது’ என்று வந்தால் அது பொய், நேரம் சொல்லி எச்சரிக்க உலகத்தில் யாராலும் முடியாது. எவ்வளவு ரிக்டர் என்று தெரிய வேண்டுமானால் தேசிய நில அதிர்வு மையத்தின் பூகம்ப் செயலியைப் பாருங்கள்.

வி.கோட்டா மருமகள்:
மேஜைக்கு அடியில் போகச் சொல்கிறீர்களே சார், எங்கள் வீட்டில் மேஜை ஏது? மண் சாந்து வைத்துக் கட்டிய கல் சுவர், மேலே ஓடு. 2021 நவம்பரில் அந்தப் பேய்மழைக்கு அப்புறம் பூமிக்குள் டமார் டமார் என்று சத்தம், குவாரி வெடி என்று முதலில் நினைத்தோம், அந்நேரத்தில் எவன் வெடி வைப்பான்? 29-ம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு மேல் வந்தது 3.6. பேர்ணாம்பட்டில் இருக்கும் என் தங்கைக்கும் அதே நேரத்தில் கட்டில் நகர்ந்திருக்கிறது. என் மாமியார் பேரனைக்கூடத் தூக்கவில்லை, நேரே கொட்டகைக்குப் போய் மாடுகளின் கயிற்றை அரிவாளால் அறுத்துவிட்டார். ஏன் அத்தை என்று கேட்டதற்கு, “பிள்ளையை நீ தூக்குவேன்னு தெரியும், அதுங்களுக்கு யாரு?” என்றார். அதன்பின் எல்லாரும் தார்ப்பாய்க்குள் படுத்தோம், ஈரத்தில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். பார்க்க வந்த அதிகாரி ஒருவர், மழைத்தண்ணீர் பாறை இடுக்கில் இறங்குவதால் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஓட்டைப் பிரித்து மாற்றப் போகிறோம். அப்படியே சுவருக்கு மேலே சுற்றிலும் கம்பி வைத்து கான்கிரீட் பெல்ட் ஓட்டினால் மண் சாந்துச் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா? கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அணைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.