லெக்சியோ டிவினாவுக்கு ஐந்தாவது படியை யார் கட்டியது?

மெழுகுதிரி:
லெக்சியோ டிவினா, அதாவது விவிலியத்தை மெதுவாக வாசித்துச் செபிக்கும் பழைய துறவற முறை பற்றிக் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு அட்டை சுற்றுகிறது. "ஆதித் துறவிகள் வகுத்த ஐந்து படிகள்: வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலை தியானம், செயல். தினமும் ஐந்தே நிமிடம்!" படிக்கு ஒரு நிமிடம் போலிருக்கிறது. இதைத் தயாரித்த புண்ணியவான் குயிகோ பெயரையாவது கேள்விப்பட்டிருக்கிறாரா? 12ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியன் மடத்துத் தலைவர். சகோதரர் ஜெர்வாசுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்த முறையை ஒரு ஏணியாகச் சொல்கிறார், ஏணிக்கு நான்கே படி. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையை எடுக்கிறது, நான்காவது அந்த இனிமையேதான். இதில் 'செயல்' எங்கே இருக்கிறது?

கடற்கரைவலை:
திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் சொன்ன இடத்தில் இருக்கிறது, அண்ணாச்சி. 2010, இறைவார்த்தை பற்றி அவர் எழுதிய 'வெர்பும் டோமினி' என்ற மடல், 87ஆம் எண். செயலை எட்டும்வரை லெக்சியோ டிவினா முடிவதில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். குயிகோ பெரியவரா, திருத்தந்தை பெரியவரா?

மெழுகுதிரி:
அதே 87ஆம் எண்ணில் கொஞ்சம் மேலே பாருங்கள். நான்காவதைச் சொல்லும்போது, லெக்சியோ டிவினா இதோடு நிறைவுறுகிறது என்கிறார். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி வேறு கொடுத்திருக்கிறார். பாடம் தன்னளவில் என்ன சொல்கிறது? நமக்கு என்ன சொல்கிறது? நாம் ஆண்டவருக்கு என்ன பதில் சொல்கிறோம்? மனத்திலும் இதயத்திலும் வாழ்விலும் என்ன மாற்றத்தை அவர் கேட்கிறார்? மொத்தம் நான்கு கேள்வி. செயலுக்குக் கேள்வியே கிடையாது. கேள்வி இல்லாதது எப்படிப் படியாகும்?

கடற்கரைவலை:
முடிவதில்லை என்றால் முடிவதில்லைதான். யாக்கோபு 1:22 என்று ஒன்று இருக்கிறது, கேட்பதோடு நிற்காதே, அதன்படி நட என்று. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் பாயை விரித்து, கண்ணை மூடி, இனிமையைச் சப்பிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். ஐந்து.

மெழுகுதிரி:
செயல் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அது ஏணியில் ஏறி இறங்கியவன் செய்கிற வேலை, ஏணியின் படி அல்ல. அட்டையில் ஐந்தாவதாகப் போட்டால் என்ன ஆகிறது தெரியுமா? வாசித்த கையோடு "இன்று என்ன செய்யலாம்" என்று தாவுகிறார்கள், நடுவில் இருக்கும் மூன்றும் போய்விடுகிறது. திருவழிபாட்டு நாட்காட்டியில் பொதுக்காலம் 27ஆம் வாரம் திங்கட்கிழமை, திருப்பலி நற்செய்தி லூக்கா 10:25-37, நல்ல சமாரியர். தாவுகிறவருக்குக் கிடைப்பது "பிச்சைக்காரருக்குப் பத்து ரூபாய்". மெதுவாக இரண்டு முறை வாய்விட்டு வாசித்தால் வேறொன்று கண்ணில் படும். 29ஆம் வசனத்தில் சட்ட அறிஞர் "எனக்கு அடுத்திருப்பவர் யார்" என்கிறார். 36இல் இயேசு கேள்வியையே திருப்பி, அடிபட்டவனுக்கு அடுத்திருப்பவராய் இருந்தது யார் என்கிறார். அங்கே ஒரு பத்து நிமிடம் நிற்காதவனுக்குச் செயல் எங்கிருந்து வரும்?

கடற்கரைவலை:
36இல் நிறுத்திவிட்டீர்களே! 37இல் என்ன? "நீரும் போய் அப்படியே செய்யும்." ஐந்தாம் படி.

மெழுகுதிரி:
அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை வாசகம் மார்த்தா, மரியா: வேலையில் ஓடிய மார்த்தாவை அல்ல, அமர்ந்து கேட்ட மரியாவைத்தான் இயேசு பாராட்டுகிறார். மறுநாளைக்கும் சேர்த்து வாசியுங்கள்.

அன்பியம்7:
இரண்டு பேருக்கும் வணக்கம். எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) லும்கோ முறை, குழுவாக விவிலியம் வாசித்துப் பகிர்வதற்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஏழு படி. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனத்தில் பட்ட சொல்லை எடுத்து மூன்று முறை சொல்வது, மௌனம், பகிர்வு, செய்ய வேண்டிய பணியைப் பேசுவது, கடைசியில் ஜெபம். இதில் பகிர்வுதான் கெட்டுப்போகிறது. மௌனம் முடிவதற்குள் ஒருவர் மறையுரை ஆரம்பித்துவிடுவார். "எனக்குப் பட்டது" என்று தொடங்காத பகிர்வை நடத்துநர் நயமாக நிறுத்திவிட வேண்டும்.

கடற்கரைவலை:
கேட்டுக்கொள்ளுங்கள், ஆறாம் படியே செயல்தான்!

மெழுகுதிரி:
ஆறாவது என்கிறார். உங்களுடையது ஐந்தாவது. முதலில் நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள். தவிர அது குழுவுக்கான முறை, லெக்சியோ டிவினா அல்ல. கத்தோலிக்கர் நாம் 'செபம்' என்போம், "ஜெபம்" என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தச் சபை?

அன்பியம்7:
ஜெபம் என்று எழுதினால் பிரிவினையா? பழைய புத்தகங்களில் எல்லாம் 'ஜெபம்'தான். "ஆழ்நிலை தியானம்" என்று எழுதுகிறீர்களே, அது மகரிஷி மகேஷ் யோகியின் தியான முறைக்குத் தமிழில் வைத்த பெயர். அதற்கு என்ன பதில்?

மெழுகுதிரி:
அது அட்டைக்காரர் போட்ட சொல். நான் 'நான்காவது' என்றுதான் சொன்னேன். மேலே போய்ப் பாருங்கள்.

நடுத்திண்ணை:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். தினம் எந்தப் பகுதியை எடுப்பது? கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து விரல் வைக்கச் சொல்கிறார் ஒருவர்.

கடற்கரைவலை:
அது குறி கேட்பது, தியானம் அல்ல. அன்றன்றைய திருப்பலி நற்செய்தியை எடுங்கள். பொதுக்கால வாரநாள் நற்செய்தி எல்லா ஆண்டும் ஒன்றேதான்: 1 முதல் 9 வாரம் மாற்கு, 10 முதல் 21 மத்தேயு, 22 முதல் 34 லூக்கா. முதல் வாசகம்தான் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று என்று மாறும். முந்தின இரவே ஒருமுறை வாசித்துவிடுங்கள். காலையில் இணையத்துச் சிந்தனையை முதலில் திறக்காதீர்கள், அடுத்தவன் மென்றதைத்தான் தின்ன வேண்டியிருக்கும். கடைசியில் தீர்மானம். "இனிக் கோபப்படமாட்டேன்" என்பது தீர்மானமே அல்ல, சாயங்காலம் சரிபார்க்க முடியாது. இன்று, இன்னாருக்கு, இந்த ஒரு காரியம். இரவு ஆன்ம சோதனையில் செய்தேனா இல்லையா என்று பார்த்துவிடலாம். இதைத்தான் ஐந்தாம் படி என்கிறோம்.

மெழுகுதிரி:
எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் கெடுத்துவிட்டீர்கள். ஆன்ம சோதனையையும் சேர்த்து ஆறு என்று சொல்லிவிடுங்களேன். வாரநாள் வாசகத்திலும் சில வசனங்களை விட்டுவிடுவார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். விவிலியத்தைத் திறந்து, முன்னும் பின்னும் சேர்த்து வாசிக்க வேண்டும். இல்லையென்றால் 'ஆகவே' என்று தொடங்கும் வசனம் எதற்கு ஆகவே என்றே தெரியாது.

கடற்கரைவலை:
சாம்பல் புதன் கடன் திருநாள் (கட்டாயம் திருப்பலி காண வேண்டிய நாள்) என்று போன தவக்காலத்தில் இரண்டு நாள் அடித்துப் பேசியவர்தானே நீங்கள்?

மெழுகுதிரி:
நோன்பு நாள் என்றேன். நீங்கள்தான் திரித்தீர்கள். இப்போது அது எதற்கு? 87ஆம் எண்ணில் செயலைப் 'படி' என்று சொல்லும் வரியைக் காட்டுங்கள்.

கடற்கரைவலை:
'முடிவதில்லை' என்ற வரியைக் காட்டி மூன்று மணி நேரம் ஆகிறது.

அன்பியம்7:
'ஜெபம்' பற்றி இன்னும் பதில் வரவில்லை.

நடுத்திண்ணை:
முந்தின இரவு வாசிப்பதையும் வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டுமா?

மெழுகுதிரி:
லெக்சியோவும் அல்ல, லெக்ட்சியோ. திருச்சபை இலத்தீன் உச்சரிப்பு அதுதான். தலைப்பைத் திருத்த முடிந்தால் திருத்திவிடுகிறேன். நான்கு.