ஆங்க்ரின் பென்சில் கோடு: கையா, கருவியா?

முகிலன்: பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வயலின் கலைஞர் பாகனீனியின் படத்தை, 1819-ல் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் பென்சிலில் வரைந்ததை, ஆளாளுக்குக் கோடு கோடு என்று கொண்டாடுகிறீர்கள். அவர் கேமரா லூசிடா என்ற கருவியை வைத்து வரைந்திருப்பார் என்று ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 2001-லேயே சொல்லிவிட்டார். அதன் கண்ணாடிப் பட்டகம் வழியாகப் பார்த்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தாளின் மேலேயே தெரிவார், பென்சிலை ஓட்டினால் போதும். அந்தக் கருவிக்கு 1806-ல் காப்புரிமை, ஆங்க்ர் ரோமுக்குப் போனதும் அதே வருடம். டிரேஸ் எடுத்த கோட்டில் என்ன மேதைமை?

நிலா: முகிலன், படத்தைப் பெரிதாக்கி முதலில் முகத்தையும் அப்புறம் மேலங்கியின் கைப்பகுதியையும் பாருங்கள். முகத்தில் கோடே தெரியாத அளவுக்கு மெல்லிய நிழல், கன்னம் அப்படியே திரண்டு நிற்கிறது. உடைக்கு வந்ததும் சரசரவென்று சில கோடுகள்தான், ஆனால் துணிக்குள்ளே ஒரு தோள் இருப்பது நமக்குத் தெரிகிறது. நிழல் பக்கம் பென்சிலை அழுத்துகிறார், வெளிச்சம் படும் பக்கம் கையை லேசாக்குகிறார், ஒரே கோடு தடித்து மெலிந்து போகும்போதே உடம்பு திரும்புகிறது. எந்தக் கோடு எங்கே போகும் என்பதைப் பட்டகம் காட்டலாம், எங்கே அழுத்த வேண்டும் என்பதை எது காட்டும்?

செந்தில்வேல்: எனக்கு இருவர் சொல்வதும் ஒப்பவில்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு ரோமில் பிரெஞ்சுக்காரர்கள் தந்த வேலை போய், வயிற்றுப்பாட்டுக்காக ஆங்கிலேயப் பயணிகளை ஆங்க்ர் வரைந்து தள்ளினார், அவருக்கே அதில் விருப்பமில்லை. அந்த வழவழப்பு எனக்கு ஒட்டவே இல்லை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் நான்கு கிறுக்கலில் ஒரு ஆளை உட்கார வைத்துவிடுவார், அங்கே உயிர் இருக்கிறது.

நிலா: பணத்துக்கு வரைந்தால் கோடு கெட்டுவிடுமா அண்ணா? பாகனீனியும் அவரும் சேர்ந்து வாசித்தவர்கள், ஆங்க்ருக்கு வயலின் நன்றாகவே வரும். அந்த முகத்தில் காட்டிய பொறுமை கூலிக்கு மாரடித்த பொறுமையாக எனக்குத் தெரியவில்லை.

முகிலன்: சரி, அழுத்தம் கையுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருவத்தின் அளவுகள்? இவ்வளவு சின்னத் தாளில், தடுமாறிய தடமே இல்லாமல் தலை உட்கார்ந்திருக்கிறதே, அது வெறும் கண்ணால் ஆகிற காரியமா?

நிலா: பதினேழு வயதிலிருந்து பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி டேவிட்டிடம் பாடம் படித்து, நிர்வாண உருவங்களை வரைந்து வரைந்து கை பழகியவருக்கு ஏன் ஆகாது? ஹாக்னி காட்டுவது படங்களைத்தான், ஆங்க்ர் அந்தக் கருவியை வைத்திருந்தார் என்பதற்கு ஓர் ஆவணம்கூடக் காட்டவில்லை. அதைவிட, ஹாக்னியே கேமரா லூசிடா வைத்து லண்டன் நேஷனல் கேலரி காவலர்களை வரைந்திருக்கிறார். அந்தப் படங்களையும் பாகனீனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாடைக் கோட்டை மட்டும் பாருங்கள். கருவி இரண்டுக்கும் ஒன்றுதான் என்றால் கோடு ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறது?